இரண்டு மணல்களின் கதை: கடலடி எண்ணெய்ப் பாறையைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் பேசுவது இரண்டு மணற்பாறைகளைப் பற்றி. இரண்டும் பிரிட்டனுக்கும் நார்வேக்கும் நடுவே உள்ள வட கடலின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பவை. இரண்டிலும் எண்ணெய் இருந்தது. ஆனால் மேலே உள்ள மணலில் எண்ணெய் ஓடும் சுலபம் கீழே உள்ளதைப்போல் பத்து மடங்கு, சில இடங்களில் அதற்கும் மேல். ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் ‘ஆழம்’ என்றோ ‘அழுத்தம்’ என்றோ பதில் வரும். இரண்டும் ஒட்டிக் கிடக்கும்போது ஆழத்தில் என்ன வித்தியாசம்? சுமார் 17 கோடி வருடங்களுக்கு முன்னால், மேல்மணல் அலை புரளும் கரையில் விழுந்தது, கீழ்மணல் அங்கிருந்து கொஞ்ச தூரம் தள்ளிக் கடலுக்குள் விழுந்தது. வித்தியாசம் அதுதான்.

அந்தக் ‘கொஞ்ச தூரத்தை’ பாறையிலிருந்து எப்படிப் படித்தெடுப்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன். உதாரணத்துக்கு எடுத்திருப்பது பிரெண்ட். பேப்பரில் கச்சா எண்ணெய் விலை போடும்போது வரும் அதே பிரெண்ட்தான். ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளுக்கு வடகிழக்கில் 1971-இல் கண்டுபிடித்த எண்ணெய் வயல் அது. ஷெல் நிறுவனம் அங்குள்ள தன் வயல்களுக்கு நீர்ப்பறவைகளின் பெயரை வைத்துவந்தது, பிரெண்ட் என்பதும் ஒரு காட்டு வாத்து. 1976-இல் எண்ணெய் வரத் தொடங்கி 2021 வரை வந்தது.

1. முதலில் மணலைத் தொட்டுப் பாருங்கள்

கணினியைத் திறக்கும் முன் இரண்டு தண்ணீர் பாட்டில்களை அடியில் வெட்டித் தலைகீழாக நிறுத்துங்கள். வாயில் துணி கட்டுங்கள். ஒன்றில் சல்லடையில் சலித்த ஆற்றுமணல், இன்னொன்றில் சவுடு மண். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, கீழே வடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். கொத்தனார்கள் மணல் வாங்கும்போது ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கைப்பிடி போட்டுக் கலக்கி, மேலே எவ்வளவு வண்டல் படிகிறது என்று பார்ப்பார்கள் இல்லையா, எண்ணெய்ப் பாறையின் தரமும் பாதிக்கு மேல் அந்த டம்ளரில்தான் இருக்கிறது.

இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். பாறையில் எவ்வளவு காலியிடம் என்பது நுண்துளைமை. அந்தக் காலியிடத்தின் வழியே திரவம் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பது ஊடுருவுதிறன். ஒரே அளவுள்ள கோலிக்குண்டுகளை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் 26 சதவீதம் காலியாகவே இருக்கும். குண்டு பெரியதா சிறியதா என்பது இதில் கணக்கில்லை. ஊடுருவுதிறனுக்கோ மணியின் அளவுதான் எல்லாம்: விட்டம் பாதியானால் ஓட்டம் ஏறத்தாழ கால்வாசியாகிவிடும். அப்புறம், பெரிய மணிகளுக்கு நடுவே சின்ன மணிகள் புகுந்து அடைத்தால் இரண்டுமே குறையும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ‘மணலா, களிமண்ணா’ என்பது மட்டுமல்ல. இந்த மணலை யார் சலித்தார்கள், எவ்வளவு நேரம் சலித்தார்கள் என்பதும்தான்.

ஊடுருவுதிறனை அளப்பது டார்சி என்ற அலகில், அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிடார்சி. பிரான்சின் திஜோன் நகரத்துக் குடிநீருக்காக மணல் வழியே தண்ணீரை வடித்துப் பார்த்து, 1856-இல் முடிவுகளை வெளியிட்ட ஹென்றி டார்சியின் பெயர் அது. உங்கள் பாட்டில் சோதனையும் அவர் செய்த வேலையின் குட்டி வடிவம்தான்.

2. அந்தக் காலத்து நிலத்தை ஒரு தாளில் வரையுங்கள்

எங்கே மேடு, எந்தப் பக்கம் சரிவு, கடல் எங்கே தொடங்கியது. இந்த மூன்றையும் தோராயமாகவாவது பென்சிலால் போடாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

பிரெண்ட் விஷயத்தில் படம் இப்படி இருக்கும். ஜுராசிக் காலத்தின் நடுப்பகுதியில், இன்றைய வட கடலின் மையப்பகுதி பூமிக்கடியிலிருந்து வந்த வெப்பத்தால் ஒரு பெரிய தோசைக்கல்லைக் கவிழ்த்ததுபோல் மெல்ல உப்பி எழுந்தது. அதன்மேல் ஏற்கெனவே படிந்திருந்த பாறைகள் மழையில் அரிக்கப்பட்டன. அந்த மணலும் வண்டலும் வடக்கே இருந்த ஆழமற்ற கடலை நோக்கி ஆறுகளில் போயின. மேற்கே ஷெட்லாந்து பக்கத்து மேட்டிலிருந்தும் கிழக்கே நார்வே பக்கத்திலிருந்தும்கூட மணல் வந்து சேர்ந்தது. கடைசியில் வடக்கே நகர்ந்துகொண்டே போன ஒரு பெரிய டெல்டா உருவானது. அதன் படிவுகள் பல இடங்களில் 200, 300 மீட்டர் கனம்.

3. கோரைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள்

கோர் என்பது கிணறு தோண்டும்போது உருளையாக அறுத்தெடுக்கும் பாறை. பெட்டிகளில் மேலிருந்து கீழாக அடுக்கி வைத்திருப்பார்கள், புதியவர்களும் அப்படியே மேலிருந்து பார்க்கத் தொடங்குவார்கள். அது கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது. முதலில் படிந்தது அடியில் இருக்கிறது, அங்கே போய் நில்லுங்கள்.

பிரெண்ட் தொகுதியில் ஐந்து அடுக்குகள். கீழிருந்து புரூம், ரான்னக், எட்டிவ், நெஸ், டார்பர்ட். ஸ்காட்லாந்து ஏரிகள், கடற்கழிகளின் பெயர்கள் இவை, நெஸ்ஸை ‘ஏரி பூதம்’ புண்ணியத்தில் உங்களுக்கே தெரியும். இந்த ஐந்தின் ஆங்கில முதலெழுத்துகளை வரிசையாக வைத்தால் பிரெண்ட் என்று வரும். பெயர் வைத்தவர்களின் குறும்பு அது. நமக்கோ மனப்பாடம் செய்யும் வேலை மிச்சம்.

புரூம் பருத்த மணல். பெரும்பாலும் மேற்குப் பக்கத்து மேட்டிலிருந்து குறுக்கே வந்து கொட்டியது. வடக்கே முன்னேறிய டெல்டாவின் பகுதியாக இதைச் சேர்த்துவிட்டால் உங்கள் வரைபடத்தில் மணல் வந்த திசையே மாறிப்போகும்.

அடுத்தது ரான்னக், தொடக்கத்தில் சொன்ன கீழ்மணல் இதுதான். நுண்ணிய மணல், கையில் தேய்த்தால் மினுமினுக்கும். காக்காப்பொன் என்று நம் ஊரில் சொல்லும் மைக்காத் தகடுகள் அவை. மெல்லிய தகடு தண்ணீரில் சருகுபோல் ஆடி ஆடித்தான் இறங்கும். கரையில் அலை புரளும் இடத்தில் அதற்கு உட்கார நேரம் கிடைக்காது, அடித்துக்கொண்டு உள்ளே போய்விடும். புயல் வந்தால் மட்டும் அலையின் கை எட்டும் ஆழத்தில்தான் படியும். ரான்னக்கில் மேடும் குழியுமாக வளைந்து வளைந்து போகும் மெல்லிய அடுக்குகள் தெரியும். புயலலைகள் தரையை வருடிவிட்டுப் போன தடம் அது. மைக்கா படுக்கைவாட்டில் படுத்திருப்பதால், எண்ணெய் பக்கவாட்டில் ஓரளவு நகர்ந்தாலும் மேலும் கீழும் நகரத் திணறும். ஊடுருவுதிறன் பெரும்பாலும் பத்துகளிலும் சில நூறுகளிலும் மில்லிடார்சி.

அதன் தலையிலேயே எட்டிவ், தொடக்கத்தில் சொன்ன மேல்மணல். மணி பெரிதாகிறது, மைக்கா கிட்டத்தட்டக் காணாமல் போகிறது, மணல் சுத்தமாக இருக்கிறது. கரையும் கரையோர மணல்திட்டும் முகத்துவாரமும் சேர்ந்த இடம். நாள் முழுக்க, வருடம் முழுக்க அலை சலித்துக்கொண்டே இருந்த மணல். இங்கே ஆயிரக்கணக்கில் மில்லிடார்சி சாதாரணம்.

பக்கத்தில் பக்கத்தில் இருந்த கரையும் உள்கடலும் எப்படி மேலும் கீழுமாக ஆயின? டெல்டா கடலை நோக்கி நகர்ந்ததால். நேற்று உள்கடலாக இருந்த இடத்தின்மேல் இன்று கரை வந்து உட்கார்ந்தது, நாளை அதன்மேல் சதுப்பு வரும். ஜெர்மானியப் புவியியலாளர் யோகானஸ் வால்டர் 1894-இல் எழுதிவைத்த விதி இது: இடைவெளி இல்லாமல் படிந்த அடுக்குகளில் ஒன்றன்மேல் ஒன்றாக வருபவை, ஒரு காலத்தில் அருகருகே இருந்தவை. இந்த ஒரு விதி பிடிபட்டால், செங்குத்தான கோரை அப்படியே படுக்கவைத்து ஒரு நடைப்பயணமாகப் பார்க்கலாம். ரான்னக்கிலிருந்து எட்டிவ் வழியாக நெஸ் வரை போவது, கடலிலிருந்து எழுந்து ஈரக்காலோடு ஊருக்குள் நடந்து போவதுதான்.

நெஸ்ஸுக்குள் வந்துவிட்டால் நிலக்கரி தெரியும், வேர்த்தடங்கள் தெரியும். காயல், வெள்ளச் சமவெளி, அவற்றுக்கு நடுவே வாய்க்காலும் ஆறும். ஆற்றுமணல் நன்றாகவே இருக்கும், ஆனால் துண்டு துண்டாக இருக்கும். நடுவில் பரந்து கிடக்கும் ஒரு களிமண் அடுக்குக்கு ‘நடு நெஸ் களிப்பாறை’ என்றே பெயர். ஒரு மாபெரும் காயலின் அடிமண் அது. எண்ணெய் எடுக்கத் தொடங்கிய பிறகு அதன் மேலும் கீழும் அழுத்தத்தை அளந்தால், நடுவில் கதவு சாத்தியதுபோல் வெவ்வேறு எண்கள் வரும். கடைசியாக டார்பர்ட்: கடல் மறுபடி நிலத்துக்குள் ஏறி வந்தபோது பின்வாங்கிய கரைகளின் மணல். பெரும்பாலும் நல்ல மணல்தான், இடத்துக்கு இடம் கனம் மாறும்.

4. காமா லாக்கை நம்பி ஏமாறாதீர்கள்

எல்லாக் கிணற்றிலும் கோர் எடுக்க மாட்டார்கள், செலவு அதிகம். கம்பியில் கருவியை இறக்கி அளக்கும் லாக் வரைவுகளை வைத்தே பெரும்பாலும் வேலை நடக்கும். காமா லாக் பாறையின் இயற்கைக் கதிரியக்கத்தைக் காட்டும். களிமண்ணில் பொட்டாசியமும் தோரியமும் அதிகம், ஆகவே எண் கூடினால் களி, குறைந்தால் மணல் என்பது பாடம். மேலே போகப் போக எண் குறைந்து புனல் வடிவில் வந்தால் கரை முன்னேறுகிறது. அடியில் திடீரென்று குறைந்து மேலே மெல்லக் கூடி மணி வடிவில் வந்தால் ஆற்று வாய்க்கால் நிரம்புகிறது.

ஆனால் மைக்காவிலும் பொட்டாசியம் இருக்கிறது. ரான்னக்கின் மைக்கா மணல், காமா லாக்கில் களிமண் வேஷம் போடும். அதே கம்பியில் இறக்கி அளக்கும் நியூட்ரான், அடர்த்தி லாக்குகளும் அந்த வேஷத்துக்கு ஒத்து ஊதும். எண்ணெய் உள்ள மணலைக் ‘களி’ என்று எழுதி ஒதுக்கிவிட்டு, பிறகு கோர் வந்ததும் முழித்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே ஒரு வயலில் கோர் உள்ள ஒரு கிணற்றையாவது எடுத்து, லாக்கையும் கோரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த எண் எந்த மணல் என்று முதலில் பழகிக்கொள்ளுங்கள். கோர் இல்லாத கிணறுகளுக்கு அதற்குப் பிறகு போகலாம்.

5. மணல் எவ்வளவு தூரம் போகும்?

ஒரு கிணறு சொல்வது ஒரு சாண் அகலத்துச் செய்தி. அடுத்த கிணறு ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். நடுவில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்வது நிலத்தின் வடிவம்தான்.

எட்டிவ் மாதிரியான கரைமணல் நகர்ந்துகொண்டே போனதால் பாய் விரித்தாற்போல் கிடக்கும், இரண்டு கிணறுகளை ஒரு கோட்டால் இணைக்கலாம். நெஸ்ஸின் ஆற்றுமணல் நாடா மாதிரி. இரண்டு கிணற்றிலும் ஒரே உயரத்தில் மணல் வந்தாலும் அது ஒரே ஆறாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ‘ஒரே உயரம், ஆகவே ஒரே மணல்’ என்று கோடு போடுவதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பொதுவான தப்பு.

கண் பழக, செயற்கைக்கோள் படத்தில் வேதாரண்யத்தையும் கோடியக்கரையையும் பெரிதாக்கிப் பாருங்கள். பழைய கரைமேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகத் தெரியும். கடல் பின்வாங்கப் பின்வாங்க அலை கட்டிவைத்த மணல்கள் அவை. அப்படியே வடமேற்கே நகர்ந்து காவிரியின் கிளையாறுகளுக்கு நடுவே உள்ள நெல் வயல்களைப் பாருங்கள். முதலில் பார்த்தது எட்டிவ் மாதிரி, இரண்டாவது நெஸ் மாதிரி. பருவநிலையும் அளவும் வேறுதான், ஆனாலும் எது பாய், எது நாடா என்பது பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். திருவாரூர்க்காரர்களுக்கு இதற்குப் படமே வேண்டாம். எந்தத் தெருவில் போர் போட்டால் மணல் வரும், எங்கே களியாகவே போகும் என்று ஊரில் யாராவது சொல்வார்கள்.

இந்த வடிவம் காசாக மாறுவது, எண்ணெயைத் தள்ள நீர் செலுத்தும்போது. எட்டிவ்வும் ரான்னக்கும் ஒட்டிக் கிடக்கின்றன. இரண்டுக்கும் சேர்த்து நீரை விட்டால், அது சுலபமான எட்டிவ் வழியாக ஓடி எண்ணெய் எடுக்கும் கிணற்றுக்கு முன்கூட்டியே வந்து நிற்கும். ரான்னக்கின் எண்ணெய் அசையாமல் கிடக்கும். எந்த அடுக்கில் குழாயைத் துளையிடுவது, எதை முதலில் வடிப்பது என்ற சண்டை அங்கே தொடங்குகிறது.

6. நிலம் இரண்டாம் முறையும் மாறியது

படிந்த காலத்து நிலம் மட்டும் போதாது. பிரெண்ட் மணல்கள் படிந்து முடிந்த பிறகு, ஜுராசிக்கின் பிற்பகுதியில் வட கடலின் தரை இழுபட்டுப் பிளந்தது. புத்தக அலமாரியில் நடுவே சில புத்தகங்களை உருவியதும் மிச்சம் சாய்ந்து நிற்குமே, அப்படிப் பாறைத் தொகுதிகள் சாய்ந்தன. பல தொகுதிகளின் உயர்ந்த நுனி தண்ணீருக்கு மேலோ நீர்மட்டத்துக்கு அருகிலோ நீட்டி நின்றது. மழையும் அலையும் அந்த நுனியை அரித்தன, செங்குத்தான பக்கத்தில் மணல் சரிந்து விழுந்தது. பிரெண்ட், ஸ்டாட்ஃப்யோர்ட் வயல்களின் கிழக்கு ஓரத்தில் இந்தச் சரிவுகள் இன்றும் தலைவலி. அடுக்கு வரிசை குலைந்து கிடப்பதால் எந்த மணல் எதோடு இணைந்திருக்கிறது என்று சொல்வது கடினம்.

எண்ணெய் மேல்நோக்கி ஏறும், ஆகவே மேட்டின் உச்சியில் தோண்டு என்பது பொதுப்புத்தி. உச்சியில் எண்ணெய் சேரும், சரி. ஆனால் அந்த உச்சியில் நல்ல மணல் மிஞ்சியிருக்கிறதா என்று யார் கேட்பது? நார்வே பக்கத்து ஸ்னோரே வயலில் அரிப்பு பிரெண்ட் தொகுதியை முழுக்கவே கொண்டுபோய்விட்டது. அங்கே எண்ணெய் இருப்பது அதற்கும் கீழே உள்ள பழைய ஆற்றுமணல்களில். எனவே இரண்டு வரைபடம் வேண்டும்: படிந்தபோது இருந்த நிலம் ஒன்று, அரித்தபோது இருந்த நிலம் ஒன்று. ஒரே தாளில் இரண்டையும் போடாதீர்கள், குழம்பிப்போவீர்கள். பள்ளங்களில் அதே சமயத்தில் படிந்த கிம்மரிட்ஜ் களிப்பாறைதான் பிறகு சூடேறி இந்த வயல்களுக்கெல்லாம் எண்ணெய் கொடுத்தது.

7. புதைந்த பிறகு என்ன ஆனது?

கடற்கரையில் புதிதாக விழுந்த நல்ல மணலில் 40 சதவீதம்வரை காலியிடம் இருக்கும். புதையப் புதைய மணிகள் நெருங்கும். வெப்பம் 70, 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மணிகளைச் சுற்றி குவார்ட்ஸ் வளர்ந்து ஒட்டத் தொடங்கும். ஆழம் குறைந்த குல்ஃபாக்ஸ் மாதிரி வயலில் பிரெண்ட் மணல் இன்னும் இறுகாமல் இருக்கிறது. எண்ணெயோடு மணலும் கிணற்றுக்குள் வந்து தொல்லை கொடுக்கும். அதே மணல் 4 கிலோமீட்டருக்குக் கீழே போனால் கதை வேறு. அங்கே வெப்பம் 120, 130 டிகிரியைத் தாண்டும்போது கயோலின் களியும் பொட்டாசிய ஃபெல்ஸ்பாரும் சேர்ந்து இல்லைட் என்ற களிமமாக மாறும். இது நூல்நூலாகத் துளைகளுக்குள் வளரும், குளியலறை வடிகாலில் தலைமுடி சிக்கியதுபோல. நுண்துளைமை பெரிதாகக் குறையாது, ஓட்டம் மட்டும் படுத்துவிடும்.

இதில் ஆய்வகத்தில் ஒரு வலை இருக்கிறது. கோர்த்துண்டைச் சாதாரணமாகக் காற்றில் உலர்த்தினால் அந்த இல்லைட் நூல்கள் சுருண்டு மணியோடு ஒட்டிக்கொள்ளும். துளை திறந்துவிடும், அளந்தால் ஊடுருவுதிறன் உண்மையைவிடக் கூடுதலாக வரும். ஆகவே ஆழமான மணலின் அறிக்கையில் ஒரு அழகான எண்ணைப் பார்த்தால், துண்டை எப்படி உலர்த்தினார்கள் என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் அந்த எண்ணின் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவையுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் தொடக்கத்து வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை என்பதுதான் என் அனுபவம். ஒரே ஆழத்துக்குப் போன எட்டிவ்வும் ரான்னக்கும் இரண்டுமே மோசமாகும், ஆனால் எட்டிவ் தரத்தில் ரான்னக்குக்குக் கீழே போய்விடுவது அரிது. அலை சலித்த மணலுக்கு அந்தச் சலுகை கடைசிவரை இருக்கிறது.

8. பாறை மாறினால் விதி தலைகீழ்

இதுவரை சொன்னதெல்லாம் மணலுக்கு. இதை அப்படியே மும்பைக் கடலுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டரில், 1974-இல் சாகர் சாம்ராட் என்ற துளையிடும் மேடை தோண்டிக் கண்டுபிடித்த பாம்பே ஹை வயலில் எண்ணெய் முக்கியமாக இருப்பது, ஜுராசிக்குக்கு வெகுகாலம் பின்னால் வந்த மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லில், எல்-3 என்று அழைக்கும் அடுக்கில். சுண்ணாம்பு ஆற்றில் வருவதில்லை. சிப்பிகளும் நுண்ணுயிர்களும் அந்த இடத்திலேயே கட்டுவது. அதற்குத் தெளிந்த, ஆழமில்லாத, வெளிச்சமுள்ள நீர் வேண்டும். ஆகவே மணலுக்குப் பள்ளமும் சரிவும் வேண்டியிருந்த இடத்தில், இங்கே கடலடியில் எழுந்து நின்ற பழைய மேடு வேண்டும். ஆற்றுச் சேறு அதன்மேல் ஏறும்போதெல்லாம் சுண்ணாம்பு நின்றுபோய் ஒரு களி அடுக்கு விழும். கடல்மட்டம் இறங்கியபோது மேடு வெளியே தலைகாட்டியது, மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துப் பொந்துகள் போட்டது. அந்தப் பொந்துகள்தான் இன்று எண்ணெய் நிற்கும் இடம். பிரெண்டில் மழை நல்ல பாறையை அழித்தது, இங்கே மழைதான் அதை உண்டாக்கியது.

காவிரிப் படுகையின் கடல்பகுதியில் உள்ள பிஒய்-1 வயலுக்குப் போனால் இன்னும் வேடிக்கை. அங்கே எரிவாயு இருப்பது மணலிலும் இல்லை, சுண்ணாம்பிலும் இல்லை. படிவுகளுக்கெல்லாம் அடியில், புதைந்த மலையாகக் கிடக்கும் கிரானைட்டின் விரிசல்களில். அந்தக் கோப்பு உங்கள் மேசைக்கு வந்தால், முதல் படியில் எடுத்த சல்லடையைக் கீழே வைத்துவிடுங்கள்.